கோலறியாமல் குழி மாற்றலாமா?

பழைய நிலப் பத்திரத்தில் ‘நூறு குழி’ என்றிருந்தால் அஃது எத்தனை ஏக்கர் என்று மாணாக்கர் வினவுவதுண்டு. வாய்பாட்டைப் புரட்டி உடனே விடை கூறிவிடுகிறோம். அவ்விடை பல வேளைகளில் பிழையாகிவிடுகிறது. ஏன்? குழி என்பது தனித்து நிற்கும் அளவன்று. நிலத்தை அளந்த கோலின் வர்க்கமே ஒரு குழி.

ஆங்கிலேயர் காலத்துத் தஞ்சைக் கணக்கில் கோல் 12 அடி. ஆகவே குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. வேலி 288,000 சதுர அடியாகும். ஏக்கர் 43,560 சதுர அடியாதலின் வேலி ஏறத்தாழ 6.61 ஏக்கர், அதாவது 2.68 ஹெக்டர். செங்கற்பட்டிலோ கோல் 24 அடி. குழி 576 சதுர அடி. 100 குழி கொண்ட காணி 57,600 சதுர அடி. எனவே, நூறு குழி தஞ்சையில் 0.33 ஏக்கர்; செங்கற்பட்டில் 1.32 ஏக்கர். கோல் இரட்டிக்க, பரப்பு நான்கு மடங்காயிற்று!

சோழர் காலத்தார் இதனை நன்குணர்ந்திருந்தனர். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என அளந்த கோலைக் கல்வெட்டிலேயே குறித்தனர். ஒரு மாவுக்கு 100 குழியா, 256 குழியா என்பதையும் சொல்லி வைத்தனர்.

‘காணி’ என்னும் சொல்லிலும் இடருண்டு. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நிலத்தை வேலியின் பின்னங்களாகக் கூறும். அங்கே மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ‘கீழ்’ என்னும் அடை சேர்ந்தால் அப்பின்னம் மேலும் 320 கூறாகும். ‘இரண்டு மா முக்காணி’ என்றால் 2/20உம் 3/80உம் சேர்ந்த 11/80 வேலி. அதாவது இரண்டே முக்கால் மா. பின்னமான இக்காணியைச் செங்கற்பட்டுக் காணியென மயங்கினால் என்னாகும்? அக்காணி ஒன்று தஞ்சையின் 4 மாவுக்குச் சமம். மூன்று காணி 12 மா ஆகிவிட, மொத்தம் 14 மா என்று வரும். கோயிலுக்கு விட்ட நிலம் ஐந்து மடங்காகப் பெருகிவிடுமன்றோ!

பாட்டனார் ஊரிலிருந்து கொணர்ந்த பத்திரம் இன்றும் சில இல்லங்களில் பெட்டிக்குள் இருக்கக்கூடும். பேரப்பிள்ளை அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், ‘எந்த ஊர்? எத்தனை அடிக் கோல்?’ என்று முதலிற் கேட்போமாக. கோல் தெரிந்த பின்னரே கணக்கு.