ஜீப்புக்கு டீசல் எஞ்சின் வந்த கதை

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பொழுது புலர்வதற்கு முன்பே ஏலத் தோட்டத்துக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு, கேரள எல்லையை நோக்கி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிற ஜீப்புகளை ஒருமுறையேனும் கவனித்தவர்கள், வண்டி கண்ணுக்குப் புலப்படுவதற்கு வெகு முன்னதாகவே அதன் சப்தம் வந்து சேர்ந்துவிடுவதை அறிவார்கள். வருவது பியூஜோ எஞ்சினா, டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டி.ஐ. எஞ்சினா என்பதைக்கூடப் பழகிய காது அந்தச் சப்தத்தைக் கொண்டே சொல்லிவிடும். அந்தச் சப்தத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய ஜீப்பை விலைக்கு வாங்கி, போல்ட்டு போல்ட்டாகக் கழற்றி, துருவை நீக்கி, வேறு எஞ்சின் பொருத்தி, உட்புறமெங்கும் சப்தம் அடக்கும் பாய் ஒட்டி அழகு பார்க்கிற இக்காலத்து வழக்கத்தைப் புனிதமான ஒன்றைக் கெடுக்கும் காரியமென்று சிலர் கண்டிக்கிறார்கள். அவர்கள் அந்தச் சரித்திரத்தை முழுமையாகப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய இலகுவான வண்டியொன்று வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டபோது, முதலில் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது பாண்டம் என்ற சிறு கம்பெனிதான். ஆயினும் வில்லிஸ் ஓவர்லாண்ட் கம்பெனியே முடிவில் முன்னணிக்கு வந்ததற்கு முக்கிய காரணம், பார்னி ரூஸ் என்ற பொறியியல் நிபுணர் வருஷக்கணக்கில் திருத்தித் திருத்திப் பண்படுத்தியிருந்த 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மற்றவர்களுடையதைவிட அதிகமாக, 60 குதிரைத்திறன் தந்ததே ஆகும். பலம் மிகுந்த அந்த எஞ்சின் கனமும் மிகுந்ததாக இருந்தபடியால், ராணுவம் விதித்த எடைக்குள் வண்டியை அடக்குவதற்காக, போல்ட்டுகளின் நீளத்தைக் குறைத்து, மேலே அடிக்கிற பெயின்டின் எடையைக்கூட அவர் கணக்கிட்டுப் பார்த்தார் என்று சொல்வார்கள். பெயின்டுக்கே இடமில்லாத வண்டியில் சப்தத்தைத் தடுக்கும் சாதனத்துக்கு எங்கே இடம்? கதவே இல்லாத வண்டி அது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, ராணுவத்துக்கு உபரியான வண்டிகள் டிஸ்போசலில் விலைபோன நாட்களில் ஜீப் நம் நாட்டுப் பொதுஜனங்கள் கைக்கு வந்தது. பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் தொழிலுக்கு இங்கே கிடைத்த முதல் விளம்பரம் அவ்வளவு கௌரவமானதன்று. 1948இல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காகப் புதுப்பித்த பழைய ஜீப்புகளை வாங்கச் செய்த ஏற்பாட்டின்படி வந்து சேர்ந்த 155 ஜீப்புகளும் உபயோகத்துக்கு லாயக்கற்றவை என்று ஒதுக்கப்பட்டு, அந்த விவகாரம் பார்லிமெண்ட் வரைக்கும் போய் நெடுநாள் புகைந்தது. இதனிடையே மஹிந்திரா கம்பெனி வில்லிஸிடமிருந்து பாகங்களை வரவழைத்து, 1949 முதல் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டலாயிற்று. 

வில்லிஸ் கம்பெனியே 1953இல் தன் ஜீப்பின் எஞ்சினை மாற்றியதை இங்கே குறிப்பிட வேண்டும். காற்று நுழையும் வால்வை எஞ்சினின் தலைக்கு ஏற்றி 70 குதிரைத்திறனுக்கு மேல் பெற்ற அந்தப் புதிய எஞ்சின், பழைய பானட்டுக்குள் அடங்காமல் உயர்ந்து நின்றபடியால், பானட்டையே உயர்த்திவிட்டார்கள். நம் தெருக்களில் பல பத்தாண்டுகள் ஓடிய, நெற்றி உயர்ந்த சி.ஜே. 3பி என்ற ஜீப்பின் முகம் இவ்வாறு எஞ்சினுக்காகச் செய்துகொண்ட சமரசமே தவிர, அழகுக்காக வரைந்ததன்று.

1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில், மலையேறும் போதெல்லாம் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிற ஜீப்பை வைத்துப் பிழைப்பு நடத்த முடியாதென்பது தோட்டக்காரருக்கும் வாடகை வண்டிக்காரருக்கும் விளங்கிவிட்டது. டீசலோ வெகு மலிவாக இருந்தது. பெர்கின்ஸ், மட்டடார் என்று கைக்குக் கிடைத்த டீசல் எஞ்சினைப் பெட்ரோல் ஜீப்புக்குள் இறக்கும் வித்தை பட்டறைகளில் பிறந்து வளர்ந்தது அக்காலத்தில்தான். சங்கிலியில் தொங்கவிட்ட எஞ்சினை வண்டிக்குள் இறக்கிவிடுவது அதில் சுலபமான பகுதி. அந்நிய எஞ்சினின் முதுகையும் வில்லிஸ் கியர் பாக்ஸின் முகத்தையும் சேர்ப்பதற்குக் கனமான இரும்புத் தகடொன்றை லேத்தில் கடைந்து, கியர் பாக்ஸிலிருந்து நீளும் தண்டின் நுனி ஃப்ளைவீலின் நடுவிலுள்ள புஷ்ஷில் இம்மியும் பிசகாமல் உட்காரும்படி மையம் பிடிப்பதிலேதான் மேஸ்திரியின் கைத்திறன் முழுவதும் வெளிப்படும். மையம் தவறினால் சில மாதங்களுக்குள் பேரிங் அழுதுவிடும். எஞ்சின் கனத்தால் முன்பக்கத்துக் கமான் பட்டைகள் தாழ்ந்துபோக, ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகுவார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போல வேகமாகச் சுழலாது. வில்லிஸின் பின்னச்சோ, தண்டு 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுகிற அமைப்புடையது. ஆகையால் ஏற்றத்தில் யானை பலம் காட்டிய வண்டி, சமவெளிச் சாலைக்கு வந்ததும் கதறியது.

பட்டறைகள் செய்த இதே காரியத்தைத் தொழிற்சாலையும் செய்தது. மஹிந்திரா டிராக்டருக்குரிய டீசல் எஞ்சினை ஜீப்புக்குள் வைத்துப் பார்த்தது. பிறகு 1979இல் பிரெஞ்சு பியூஜோ கம்பெனியின் 2,112 சி.சி. டீசல் எஞ்சினை இங்கேயே செய்வதற்கு உரிமம் பெற்றது. அமெரிக்கச் சட்டகத்தில் பிரெஞ்சு எஞ்சின் என்ற இந்தக் கலப்பு மணத்தை அன்று யாரும் அபசாரமென்று சொல்லவில்லை.

சப்தம் பெருகியதும் இதனோடு வந்ததே. பழைய வில்லிஸ் எஞ்சின் காற்றை ஏறக்குறைய ஆறரை மடங்குதான் அழுத்தியது. டீசல் எஞ்சினோ அதைப்போல் மும்மடங்கு அழுத்தி வெடிக்கச் செய்கிறது. போதாக்குறைக்கு, ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் எஞ்சினின் சக்தியை நேராகப் பின்னச்சுக்கு அனுப்பாமல், பல்சக்கரங்களின் வழியே பக்கவாட்டில் விலக்கி அனுப்புவதால், எந்நேரமும் ஓர் ஊளை எழும். இவற்றுக்கெல்லாம் உருமி மேளத்தின் தோலைப் போல அதிர்வதற்கு மெல்லிய தரைத்தகடு ஒன்று அமைந்துவிட்டது.

ஆகையால் சப்தத்தை அடக்கப் புறப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது பாய் வாங்குவதன்று. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றி, சைலன்சர் மூட்டில் புகை கசிவதை அடைத்து, மூன்று கியர் கம்பிகளும் பெடல்களும் வெளிவருகிற துவாரங்களுக்கு ரப்பர் உறை இட்டாலே பாதி இரைச்சல் போய்விடும். விரலளவு சந்து திறந்திருந்தால் மீதி ஏற்பாடுகள் எல்லாம் வீண். அதன் பிறகு தார் சேர்ந்த கனமான பாயைத் தகட்டின் நடுப்பகுதியில் ஒட்டினால் அதிர்வு அடங்கும். முழுவதும் ஒட்டத் தேவையில்லை. தடுப்பின் எடையை இரட்டித்தால்தான் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது பௌதிக விதியாதலால், எடைக்கு அஞ்சுகிறவர்களுக்கு இதில் குறுக்குவழி கிடையாது. நீர் உறிஞ்சும் ஸ்பாஞ்சை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வைக்கலாகாது. மழைக்காலம் இரண்டு கழிந்தால் அதன் அடியில் தகடே இருக்காது. இவ்வளவும் செய்த பின்னும், தலைக்கு மேலே தார்ப்பாய் இருக்கிறவரையில் ஜீப் கார் ஆகிவிடாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்ரோல் எஞ்சினோடு இருப்பது மட்டுமே உண்மையான ஜீப் என்போர், மலைச்சாலைகளில் அந்த வண்டியை வாழவைத்த மேஸ்திரிகளின் அரை நூற்றாண்டு உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்க அவர்கள் பொருத்திய தகட்டில் உளி போட்ட தழும்புகூடப் பாதுகாக்கத் தக்கதே. ஆனால் அன்றிருந்த சுதந்திரம் இன்று இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதையொட்டி 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பும் வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. எனவே எஞ்சின் மாற்ற எண்ணுகிற அன்பர்கள், பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலமாக அனுமதி பெறுவார்களாக. அனுமதி கிடைத்த பின்னும், கழற்றிய பழைய எஞ்சினைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம்; கிரீஸ் பூசி, சாக்குச் சுற்றி, வீட்டில் ஒரு மூலையில் பத்திரப்படுத்தி வையுங்கள்.