மீந்த மூன்றின் பலம்



1971-ஆம் ஆண்டுப் போரின்போது, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் 4 கொதிகலன்களுள் ஒன்று விரிசல் கண்டிருந்தது, வேகமும் குறைந்திருந்தது. ஆயினும் டிசம்பர் 4 அன்று அதன் தளத்திலிருந்தே சீஹாக் விமானங்கள் எழும்பிச் சிட்டகாங், காக்ஸ் பஜார் இலக்குகளைத் தாக்கின. அப்படையணியின் தலைவர் கடற்படை விமானி சந்தோஷ் குமார் குப்தா. 11 தாக்குதல்களை முன்நின்று நடத்திய அவர், குண்டடிபட்ட விமானத்தையும் கப்பலில் பத்திரமாக இறக்கினார். மகாவீர் சக்கரம் பெற்றார்.

நம் பாவூர்சத்திரத்திலும், “உடல் தளர்ந்தது, இனி எனக்கென்ன ஊழியம்?” என்று ஒதுங்குவோர் உண்டு. விரிசலுக்காக அக்கப்பலைக் கரையில் கட்டிவைக்கவில்லை. மீந்த மூன்றின் பலத்தோடு அனுப்பினார்கள்.

உங்களிடம் மீந்திருப்பது எது? இவ்வாரம் அதைக் கர்த்தரின் கரத்தில் கொடுங்கள்.