பேர் ஒன்று, ஆள் பல

‘ஒரே பெயர் கொண்டவர்களுக்கு என்ன சலுகை, என்ன சொந்தம்?’ என்பது இன்றைய அரங்கின் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர்கள் அரங்கைச் சிரிக்க வைத்தார்கள். நான் செலண்டார் வட்டாரத்துக்காரன். தோட்டத்துக் கதையோடு சேர்த்து இதன் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

உலகத்தில் இது பெரிய விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2017ஆம் ஆண்டு போஸ்னியாவின் குப்ரெஸ் நகரில் ‘இவான்’ என்ற பெயருள்ள 2,325 பேர் ஒன்றுகூடிச் சாதனை படைத்தார்கள். 2022இல் தோக்கியோவில் ‘தனாக்கா ஹிரோக்கசு’ என்று முழுப்பெயரும் ஒன்றான 178 பேர் கூடினார்கள். 2021இல் தைவானில் ஓர் உணவகம், பெயரில் ‘சால்மன் மீன்’ என்ற சொல் இருப்பவர்களுக்கு இலவச விருந்து என்று அறிவித்தது. உடனே முந்நூறுக்கும் மேற்பட்டோர் பதிவு அலுவலகத்துக்கு ஓடிப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்! இரண்டு நாள் சாப்பாட்டுக்காகப் பெயரை மாற்றியவர்களைப் பார்த்து அந்த நாட்டு அரசே தலையில் அடித்துக்கொண்டது.

பேரன் என்றால் என்ன?

நமக்கு இது புதிது அல்ல. ‘பேரன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டபிறகு, மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள் தன் பிள்ளையையே ‘ஐயா’ என்று அழைப்பாள். ஒரே பெயருக்கு நம்மவர்கள் தந்த முதல் சலுகை இந்த மரியாதைதான்.

இப்படி ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஆளை அடையாளம் காண்பது எப்படி? நகரத்தார் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பாட்டன், தகப்பன் ஆகியோரின் முதல் எழுத்துகளை வரிசையாகக் கோர்த்து ‘விலாசம்’ வைத்தார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் நடத்திய வட்டிக்கடைகள் அந்த எழுத்துகளால்தான் அறியப்பட்டன. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரோடு நட்சத்திரத்தையும் கேட்கிறாரே ஐயர், அதுவும் ஆளைப் பிரித்துக் காட்டத்தான்.

கத்தோலிக்கத் தமிழர்களிடம் பெயர்கொண்ட விழா உண்டு. சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தவர். 1552 டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கடலோரத்தில் உயிர் நீத்தார். மறு ஆண்டு அவர் உடல் மலாக்கா செயின்ட் பால் குன்றில் சில மாதங்கள் வைக்கப்பட்டுப் பிறகு கோவாவுக்குப் போனது. சவரிமுத்து என்ற பெயர்க்காரர்களுக்கெல்லாம் அந்த டிசம்பர் 3தான் திருநாள். மலாக்காக்காரர்களுக்கு அது சொந்த ஊர் விழா மாதிரி.

பெரட்டில் நாலு முனியாண்டி

இப்போது தோட்டத்துக்கு வருவோம். 1896இல் தான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஊர், ஒரே காவல் தெய்வம். ஆகவே வந்தவர்களில் முனியாண்டி நாலு பேர், ராமசாமி ஐந்து பேர், லெட்சுமிக்கோ கணக்கே இல்லை.

விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோல் பார்த்து ‘முனியாண்டி’ என்று கூப்பிட்டால் நாலு குரல் ‘ஐயா’ என்னும். அதற்காக லயத்து மக்கள் அடைமொழி வைத்தார்கள். நெட்டை முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி. இந்தப் பட்டப்பெயரில் கேலியும் உண்டு, பாசமும் உண்டு. ஒரு பெயர்க்காரன் இன்னொருவனைப் ‘பங்காளி’ என்று அழைத்துக்கொண்டதும் உண்டு.

ஆனால் வெள்ளைக்காரத் துரைமாருக்கு எல்லாரும் ‘ராமசாமி’தான். தென்னாப்பிரிக்காவில் தமிழர்களைச் ‘சாமி’ என்று ஏளனமாக அழைத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாமே சேர்ந்து ஒரே பெயரைச் சூடிக்கொண்டால் அது உறவு. அடுத்தவன் நம் எல்லாருக்கும் ஒரே பெயரைச் சூட்டினால் அது அவமானம்.

எழுத்துப் பிழையின் விலை

1948இல் அவசரகாலத்தில் அடையாள கார்டு வந்தது. தமிழ்ப் பெயரை மலாய், ஆங்கில எழுத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே சுப்பிரமணியம் நாலைந்து விதமானான். அண்ணன் சூராவில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, தம்பி சூராவில் இன்னொரு மாதிரி. தகப்பன் கண்ணை மூடியபிறகு சேமநிதிப் பணத்துக்கும் நிலத்துக்கும் போகும்போதுதான் அந்த ஓர் எழுத்தின் கனம் தெரியும். இன்று 12 இலக்க எண் நம்மைப் பிரித்துக் காட்டுகிறது. மலாக்காவில் பிறந்தவருக்கு நடுவில் 04. ஆனால் அந்த எண் இல்லாத காலத்தில் போனவர்களுக்கு யார் சாட்சி?

சயாம் மரண ரயிலை நினைத்துப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். இன்று காஞ்சனபுரியில் சுமார் 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் பொறித்த வரிசைகள் அங்கே உண்டு. அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 90,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நம் முனியாண்டிகளும் ராமசாமிகளும் எத்தனை பேர்? வெறும் ‘ராமசாமி’ என்று ஒரு பெயர் கிடைத்தாலும், தகப்பன் பெயரும் தோட்டத்துப் பெயரும் இல்லாமல் எந்த வீட்டு ராமசாமி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நெட்டை, மேட்டு லயம், மாட்டுக்காரன் என்ற அடைமொழிகள்தான் இப்போது துப்பு.

அந்த அடைமொழி தெரிந்த கிழவர் கிழவிகள் இன்று தோட்டங்களை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் இருக்கிறார்கள். லயங்கள் பல இல்லை, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆகவே நடுவர் அவர்களே, ஒரே பெயர்க்காரர்களுக்கு நான் கேட்கும் சலுகை இலவசச் சாப்பாடு அல்ல. செலண்டார், ஜாசின், ஆசஹான் பக்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தாத்தாவின் பெயர், அவர் தகப்பன் பெயர், தோட்டம், பட்டப்பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதட்டும். கோயில் திருவிழாவில் முனியாண்டிகள் ஒரு மேசையிலும் லெட்சுமிகள் ஒரு மேசையிலும் உட்கார்ந்து அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எந்த முனியாண்டி எந்த வீட்டுக்காரர் என்று அங்கே தெரியவரும்.