வரியும் குடியும்: நிந்தவூர் நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

தமிழில் ‘இறை’ என்னும் சொல் அரசனையும் அவன் பெறும் வரியையும் ஒருங்கே குறிக்கும். வரலாற்று நூல்களிலும் வரி பெரும்பாலும் பெறுவோன் நிலையினின்றே நோக்கப்பட்டுள்ளது. கொடுப்போன் நிலையினின்று நோக்குமிடத்து வேறொரு வரலாறு புலனாகும். மேற்கே வயலும் கிழக்கே கடலும் சூழ்ந்த நிந்தவூர் அதற்கேற்ற களமாகும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

பிரித்தானியர் ஆட்சியில் நெல் விளைவிப்போன் அறிந்த முதல் வரி தானிய வரியாகும். விளைவில் பத்திலொன்று என்பது அதன் பொது அளவு. அதனை அறவிடும் உரிமை ஏலத்திற் குத்தகையாக விற்கப்பட்டது. குத்தகையாளனுக்கு முன்னறிவித்தல் கொடாது கதிரறுத்தலும் குற்றமாயிற்று. 1878ஆம் ஆண்டுச் சட்டம் தானியத்துக்கு ஈடாகப் பணத்தை நிர்ணயிக்க வழிவகுத்தது. விளைவு பொய்த்த ஆண்டிலும் பணம் கட்டவேண்டியிருந்தமையால், மலைநாட்டில் வலப்பனை போன்ற பகுதிகளில் வரி கட்ட இயலாதோரின் வயல்கள் விற்கப்பட்டன. ஈற்றில் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இவ்வரி ஒழிக்கப்பட்டது.

ஆயினும் இறக்குமதி அரிசி மீதான சுங்கத்தீர்வை நீக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. காணியுடைய போடியாரின் சுமை குறைந்தது. காணியின்றி அரிசி வாங்கியுண்போன் சுமை அவ்வாறே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரி போயிற்று. பொருளின் விலையுள் மறைந்த வரி நிலைத்தது.

உடலுழைப்பும் வரியாயிற்று. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் அல்லது அதற்கீடான பணம் செலுத்துதல் வேண்டுமென விதித்தது. செல்வனுக்கும் கூலியாளுக்கும் அளவு ஒன்றே. வருமானத்துக்கேற்ப வரி என்னும் கொள்கை 1932இல் வருமான வரிச் சட்டத்துடனேயே இலங்கையில் வேரூன்றியது.

உள்ளூர் வரியின் வரலாறு சபைகளின் வரலாற்றோடு பிணைந்தது. 1871இல் கிராமச் சபைகள் சட்டத்தினாற் புத்துயிர் பெற்றன. 1981இல் கிராம, பட்டின சபைகள் நீங்கி மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றின. அதனால் வரி கொடுப்போனுக்கும் செலவு செய்வோனுக்கும் இடையிலான தூரம் மிகுந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபைகள் அத்தூரத்தை ஓரளவு குறைத்தன. சோலைவரி எனப்படும் ஆதனவரி இச்சபைகளுக்குரியது. ஆண்டு வரியைச் சனவரி 31க்கு முன் முழுமையாகச் செலுத்துவோர் 10 வீதக் கழிவு பெறுவர். காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குரியது. வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் மத்திய அரசின் இறைவரித் திணைக்களத்தைச் சேர்வன.

இவற்றுள் சோலைவரிக்கே குடிமகன் பற்றுச்சீட்டுடன் கணக்குக் கேட்கப் பழகியுள்ளான். பெறுமதி சேர் வரியோ 2024 சனவரியில் 15 வீதத்தினின்று 18 வீதமாக உயர்ந்தது. வருமான வரி கட்டாத மீனவனும் நெசவாளியும் கடையிற் பொருள் வாங்குந்தோறும் அதனைச் செலுத்துகின்றனர். ‘நான் வரி கட்டுவதில்லை’ என்று அவர்கள் எண்ணுமளவும் அப்பணத்தின் செலவைப் பற்றி வினவமாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வினவும் வழியைத் திறந்துள்ளது. அன்று களத்துமேட்டில் தன் நெல்லிற் பத்திலொன்று அளக்கப்படுவதைக் கண்டவன், எவ்வளவு கொடுத்தான் என்பதை அறிந்திருந்தான். அவ்வறிவு இன்று ஒவ்வொருவரும் முயன்று பெறவேண்டியதொன்றாயிற்று.