கதவு தட்டலிலிருந்து ஒற்றைப் பொதி அனுமதி வரை: பிணையச் சேவைகளை மறைக்கும் முறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தீயரணுக்குப் பின்னால் பிணையச் சேவைகளை மறைத்து, உரியவருக்கு மட்டும் திறந்துவிடும் முறைகளின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. மறைத்தல் பாதுகாப்பாகுமா என்னும் வினாவுக்கான விடை, எது மறைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தீயரண், கதவு தட்டல், ஒற்றைப் பொதி அனுமதி, மறையாக்கம், கெர்க்காஃப்ஸ் கொள்கை.

முன்னுரை

இணையத்தோடு இணைந்த வழங்கி, போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாயில்கள் வழியே தன் சேவைகளை அளிக்கிறது. திறந்திருக்கும் வாயில் உரியவருக்கும் அயலாருக்கும் ஒன்றுபோலவே மறுமொழி தரும். கார்டன் லையன் 1997இல் வெளியிட்ட என்மேப் போன்ற கருவிகள் அத்தகைய வாயில்களைத் தேடிக் கண்டறிவதை எளிதாக்கின. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கு முன்பே சேவையின் நிரல் அயலார் அனுப்பும் தரவைப் படித்தாக வேண்டும். அந்நிரலில் பிழையிருப்பின் கடவுச்சொல் எத்துணை வலியதாயினும் பயனில்லை. முகவரியை நோக்கி அனுமதிக்கும் தீயரண் இவ்விடரைத் தடுக்க வல்லது. எனினும், பயணத்திலிருக்கும் நிர்வாகி எந்த முகவரியிலிருந்து வருவார் என்பது முன்கூட்டியே தெரிவதில்லை. இந்த இடைவெளியிலேயே மறைத்தல் முறைகள் தோன்றின.

கதவு தட்டல்

இம்முறையின் முன்னோடி ஒன்று ஊடுருவலாளர் நுட்பத்திலிருந்து வந்தது. எஃப்எக்ஸ் என்னும் புனைபெயரினர் 2000இல் வெளியிட்ட சீடோர் நிரல் எந்த வாயிலையும் திறந்து வைக்காது. பிணையத்தில் வரும் பொதிகளை உற்றுநோக்கி, குறிப்பிட்ட வரிசை வந்தபின்னரே விழித்தெழும். பாதுகாப்போர் தரப்பில் இக்கருத்தை வளர்த்துப் பரப்பியவர், கனடாவின் வான்கூவரில் மரபணு ஆய்வு மையமொன்றில் பணியாற்றிய மார்ட்டின் க்ஷிவின்ஸ்கி. 2003இல் சிஸ்அட்மின், லினக்ஸ் ஜர்னல் ஆகிய இதழ்களில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் இதனைக் 'கதவு தட்டல்' என்னும் பொருள்படும் பெயரால் அறிமுகப்படுத்தின.

இதன் செயல்முறை எளியது. பயனர், மூடிய வாயில்களை முன்னரே உடன்பட்ட வரிசையில் அணுகுவார். தீயரண் அம்முயற்சிகளை மறுத்துப் பதிவுக் கோப்பில் குறிக்கும். அக்கோப்பைக் கண்காணிக்கும் நிரல் சரியான வரிசையைக் கண்டதும், அந்த முகவரிக்கு மட்டும் சேவையைத் திறந்துவிடும்.

கதவு தட்டலின் குறைகள்

வாயில் எண் 16 பிட் அளவினது. ஆகவே ஒரு தட்டலால் இரண்டு பைட் தகவலையே உணர்த்த இயலும். வரிசையை மறையாக்கம் செய்வதற்கும் க்ஷிவின்ஸ்கி வழிகூறியிருந்தார். ஆயினும், 128 பிட் கொண்ட ஒரேயொரு மறையாக்கத் தொகுதியை அனுப்பவே எட்டுத் தட்டல்கள் தேவைப்படும். பொதிகள் அனுப்பிய வரிசையிலேயே சேரும் என்ற உறுதியின்மையால் ஒவ்வொரு தட்டலுக்கும் இடையே காத்திருக்கவும் வேண்டும். இடையில் எவரேனும் போலி முகவரியுடன் ஒரு பொதியை நுழைத்தால் வரிசை குலையும். எல்லாவற்றினும் பெரிய குறை, நிலையான வரிசையை ஒட்டுக்கேட்டவர் அதனை அப்படியே மீண்டும் தட்டி உள்ளே நுழைய முடிந்தமையாகும்.

ஒற்றைப் பொதி அனுமதி

மைக்கேல் ராஷ் 2004இல் எஃப்டபிள்யூநாப் கருவியைக் கதவு தட்டலுக்காகவே உருவாக்கினார்; 2005இல் அதனை வேறு அடித்தளத்துக்கு மாற்றினார். அதே ஆண்டு பிளாக் ஹேட் மாநாட்டில் சிம்பிள் நோமேட், மேட்ஹேட் என்னும் புனைபெயரினர் இருவரும் 'ஒற்றைப் பொதி அனுமதி' என்ற கருத்தை முன்வைத்தனர்.

இங்குச் செய்தி வாயில் எண்களில் இல்லை. பொதியின் உள்ளடக்கத்தில் உள்ளது. தற்போக்கு எண், பயனர் பெயர், நேரக் குறிப்பு, வேண்டப்படும் அனுமதி ஆகியவை மறையாக்கம் செய்யப்பட்டு ஒரே பொதியாக, இயல்பில் 62201ஆம் யுடிபி வாயிலுக்கு அனுப்பப்படுகின்றன. தீயரண் அப்பொதியைக் கைவிடுவதற்கு முன்பே உற்றுநோக்கும் நிரல் அதனைப் படித்துவிடுகிறது. மறுமொழி எதுவும் அனுப்புவதில்லை. பொதி செல்லுமாயின் தீயரண் இயல்பாக 30 நொடிகள் திறக்கிறது; அதற்குள் ஏற்பட்ட தொடர்பு பின்னரும் நீடிக்கும். தற்போக்கு எண்ணால் எந்த இரு பொதிகளும் ஒத்திருப்பதில்லை. ஏற்கப்பட்ட பொதியின் ஹாஷ் மதிப்பு சேமிக்கப்படுவதால் மறுமுறை அனுப்பப்படும் நகல் நிராகரிக்கப்படுகிறது.

பெர்ல் மொழியில் அமைந்த இக்கருவி 2012இல் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. 2013இன் 2.5ஆம் பதிப்பு எச்மேக் சரிபார்ப்பைச் சேர்த்தது. பொதியின் மறையை விடுவிப்பதற்கு முன்பே அதன் உண்மைத்தன்மை சோதிக்கப்பட்டமையால், காவல் நிரலே தாக்குதலுக்கு இலக்காகும் வாய்ப்புக் குறைந்தது.

மறைத்தலும் மறைபொருளும்

மறைத்தலை நம்பும் பாதுகாப்பு போலியானது என்ற எதிர்வாதம் தொடக்கத்திலிருந்தே எழுந்தது. அதன் வேர், 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் வகுத்த கொள்கையில் உள்ளது: மறையாக்க முறை பகைவர் கையில் சிக்கினும் தீங்கு நேரக்கூடாது, திறவுகோல் மட்டுமே மறைவாக இருத்தல் வேண்டும். நிலையான தட்டல் வரிசை பெயரளவில் திறவுகோலாயினும், ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகவே உச்சரிக்கப்பட்டது. ஒற்றைப் பொதி அனுமதியிலோ மூல நிரல் அனைவருக்கும் திறந்தது. பொதியும் எவர் கண்ணிலும் படலாம். திறவுகோல் மட்டும் வெளிவருவதில்லை. ஆகவே அவ்வெதிர்வாதம் முன்னதற்குப் பொருந்துவதுபோல் பின்னதற்குப் பொருந்தாது.

இதன் பயனை 2008 மே மாத நிகழ்வு விளக்கும். டெபியன் இயங்குதளத்தின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் 2006இல் செய்யப்பட்ட மாற்றத்தால், ஒவ்வொரு வகையிலும் அளவிலும் ஏறத்தாழ 32,768 திறவுகோல்களே உருவாகக்கூடிய நிலை ஏற்பட்டிருந்தது அப்போது வெளிப்பட்டது. அத்திறவுகோல்களை ஏற்கும் எஸ்எஸ்எச் வழங்கியில் அனைத்தையும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க இயலும். வாயில் மறைந்திருந்தால் அம்முயற்சியைத் தொடங்கவே இயலாது. எஃப்டபிள்யூநாப் பயன்படுத்தவல்ல குனூபிஜி திறவுகோல்கள் இப்பிழையால் பாதிக்கப்படவும் இல்லை. ஓர் அடுக்கு தளர்ந்தபோது மற்றோர் அடுக்கு நின்றது.

எனினும் எல்லைகளும் உள. ஒரே பொது முகவரியைப் பலர் பகிரும் இடத்தில், ஒருவருக்குத் திறந்த வாயில் அம்முகவரியைப் பகிரும் பிறருக்கும் திறந்ததேயாகும். ஆதலின் சேவைக்குரிய அடையாளச் சோதனையை இம்முறை நீக்குவதில்லை. அதற்கு முன்னால் மேலும் ஒரு காவலாக நிற்கிறது.

முடிவுரை

மறைவு, முறையிலிருந்து திறவுகோலுக்கு இடம்பெயர்ந்ததே இவ்வரலாற்றின் மையத் திருப்பம். கிளவுட் செக்யூரிட்டி அலையன்ஸ் 2014இல் வெளியிட்ட மென்பொருள்வழி எல்லை வரையறை ஒற்றைப் பொதி அனுமதியை உள்வாங்கியது. 2020இல் லினக்ஸ் கருவில் இணைந்த வயர்கார்டு, உண்மைத்தன்மை நிறுவாத பொதிக்கு மறுமொழி தராமையைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. தனிக் கருவியாகத் தோன்றிய மௌனம், இன்று நெறிமுறையின் இயல்பாகவே வடிவமைக்கப்படுகிறது.