முடிவெட்டப் போனவர் வாங்கிய கேமரா

ஜான் கிளென் முடிவெட்டிக்கொள்ளத்தான் போனார். புளோரிடாவின் கோகோ பீச், சின்னக் கடலோர ஊர். பூமியைச் சுற்றிவரப் போகும் முதல் அமெரிக்கர் என்று அவர் பேர் முடிவாகியிருந்த காலம் அது. போன இடத்தில், மருந்துக்கடையில் விற்பனைக்கு இருந்த அன்ஸ்கோ கேமரா ஒன்று கண்ணில் பட்டது. விலை சுமார் 40 டாலர். வாங்கிக்கொண்டார். கருவிகளைக் கவனிக்க வேண்டியவர் படம் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை கெடும் என்று நாசா பொறியாளர்களில் பலர் நினைத்தார்கள். கிளென் விடவில்லை. தடித்த கையுறையோடு அழுத்துவது சிரமம் என்பதால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, துப்பாக்கிப் பிடி போல ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். 1962 பிப்ரவரி 20 அன்று அது விண்ணுக்குப் போனது. திரும்பி வந்ததும், இன்னொரு வீரர் கேமராக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் வாலி ஷிர்ரா. ஹூஸ்டன் நகரக் கடையில் ஹாஸல்பிளாட் கேமரா வாங்கி, ஒளி தெறிக்காமலிருக்கக் கறுப்புச் சாயம் பூசி, அதே ஆண்டு அக்டோபரில் கொண்டுபோனார். அடுத்த மே மாதம் கோர்டன் கூப்பர் பூமியை 22 முறை சுற்றினார். அவர் பிடித்த படங்களில் திபெத்தின் மலைகளும் ஏரிகளும் துல்லியமாக விழுந்திருந்தன. பால் லோமன் போன்ற நிலவியலாளர்களுக்கு அது புதையல். அடுத்து வரும் ஜெமினி கலங்களில் நிலத்தைப் படம் பிடிப்பதும் ஒரு வேலையாகவே சேர்ந்தது. எந்த நிலம் எப்போது சிக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அதற்குள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள பாக் நீரிணையில் ஊழிக்காற்று அடித்தது. 1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது. துறையும் போனது, ஊரும் போனது. 1914 முதல் இலங்கையின் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பல் வழி ஒரே இரவில் அறுந்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்துதான் கப்பல் விட முடிந்தது. நடுவிலுள்ள மணல் திட்டுகள், மன்னார்க்காரர் வாயில் தீடைகள், எவ்வளவு இடம் மாறின என்பதைக் கரையில் நின்று யாராலும் அளக்க முடியவில்லை. அந்தக் கடலை முழுசாகப் பார்க்க மிக உயரத்தில் ஒரு கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண்ணுக்கு நாசாவின் மக்கள் தொடர்புப் பிரிவு ஏற்கெனவே ஆசைப்பட்டிருந்தது. அதன் தலைவர் ஜூலியன் ஷியர், பழைய பத்திரிகைக்காரர். சோவியத் ஒன்றியம் ராக்கெட்டை ஏவி, அது வென்ற பிறகுதான் செய்தி சொன்னது. அமெரிக்காவிலோ, தகவலை முடிந்தவரை பரவலாகப் பொதுமக்களுக்குத் தரவேண்டும் என்று 1958 விண்வெளிச் சட்டமே சொன்னது. 1965 ஜூனில் கலத்துக்கு வெளியே மிதந்த எட் ஒயிட்டை, உடன் சென்ற வீரர் மெக்டிவிட் எடுத்த படம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கங்களைப் பிடித்தது. பக்கம் பக்கமாக அறிக்கை எழுதியும் கிடைக்காத இடம் அது. இனி ஒவ்வொரு பயணமும் படங்களோடு திரும்ப வேண்டும் என்றானது. அந்த நேரத்தில்தான் பீட் கான்ராட் என்ற விண்வெளி வீரர் பிடிவாதம் பிடித்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். ஜெமினியிலேயே சந்திரனைச் சுற்றிவர ஆசைப்பட்டார், மேலிடம் கைவிரித்தது. அப்படியானால் உயரமாவது போவோம் என்று விடாமல் கேட்டு, அனுமதி வாங்கினார். 1966 செப்டம்பர் 12 அன்று ரிச்சர்ட் கோர்டனுடன் அவர் ஏறிய ஜெமினி 11 கிளம்பியது. மறுநாள் வெளியே இறங்கிய கோர்டனுக்கு வியர்வை கண்ணில் வழிந்து பார்வை மறைந்தது. 33 நிமிடத்தில் உள்ளே திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த நாள், இணைத்து வைத்திருந்த அஜீனா ராக்கெட்டின் எஞ்சினை முடுக்கினார்கள். எரிந்தது அரை நிமிடம்கூட இல்லை.

கலம் 1,370 கிலோமீட்டர் உயரம்வரை எழும்பியது. பூமியைச் சுற்றும் பாதையில் அந்த உயரத்தை 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் பயணம் தாண்டும்வரை எந்த மனிதரும் மீறவில்லை. உலகம் உருண்டைதான் என்று வானொலியில் கூவினார் கான்ராட். ஆஸ்திரேலியாப் பக்கம் உச்சம் தொடுவதற்கு முன், ஏறும் வழியில், ஜன்னலுக்குக் கீழே இரண்டு கடல்கள் விரிந்தன. கேமரா சொடுக்கியது.

தீபகற்பம் முழுதும், பக்கத்தில் இலங்கையும், ஒரே சட்டத்தில். இடையே மன்னார்த் தீவு மேற்கே நீள, ராமேசுவரம் எதிரே நின்றது. நடுவிலுள்ள அந்த மணல் திட்டுகளை ராமர் பாலம், ஆதாம் பாலம் என்று காட்டி, நாட்காட்டியிலும் கைபேசியிலும் நாம் பார்த்துப் பழகிய வான்படங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் இந்தப் படம். நாசா அதை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. ஆனால் திறந்துவிட்ட படம் எந்தக் கைக்குப் போகும் என்று விட்டவர்களுக்குத் தெரியவில்லை.

1980களில் இலங்கையில் போர் மூண்டது, கப்பல் நின்றது. தலைமன்னாரிலிருந்து இரவில் வந்த படகுகள் அகதிகளை அதே திட்டுகளில் இறக்கிவிட்டுப் போயின. குழந்தைகளோடு, குடிக்கத் தண்ணீரின்றி, யாராவது வந்து கூட்டிப்போகக் காத்திருந்தார்கள். வானத்துப் படம் எதிலும் அவர்கள் விழவில்லை. 2002-இல் வேறொரு சேதி பரவியது: பாலம் மனிதர் கட்டியது, வயது பதினேழரை லட்சம் ஆண்டு, நாசாவின் படமே சான்று! அது இயற்கையான மணல் திட்டுகளின் வரிசை, படத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது என்று நாசா தரப்பு விளக்கியது. விளக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. 2007-இல், அந்தத் திட்டுகளை வெட்டும் சேதுசமுத்திரக் கால்வாயைப் பற்றிச் சண்டை மூண்டபோது, வான்படங்கள் பதாகைகளில் ஏறின.

கான்ராடும் கோர்டனும் கொண்டுவந்த படத்தை நாசா இன்றும் காப்பகத்தில் வைத்திருக்கிறது. தலைப்பில் ராமரும் இல்லை, ஆதாமும் இல்லை. ஜெமினி 11 கலத்திலிருந்து தெரியும் இந்தியாவும் சிலோனும் என்பதே அது. தீவுக்கு 1972-இல் ஸ்ரீலங்கா என்று பெயர் மாறியதும் அங்கே திருத்தப்படவில்லை.