ரேம்போவின் பேரேடு

எழுதிக்கொண்டிருப்பவனைவிட எழுதுவதை நிறுத்தியவன் பெரியவன் என்றொரு மனப்பழக்கம் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. இந்தப் பழக்கத்தின் குலதெய்வம் ஆர்தர் ரேம்போ. இருபது வயதில் கவிதையை உதறிவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய் வியாபாரியானான் என்று ஒரு வாக்கியத்தில் அவனுடைய பாதி வாழ்க்கையை முடித்துவிடுகிறோம். ஒரு சாரார் இதைத் துறவு என்கிறார்கள். மற்றொரு சாரார் தற்கொலை என்கிறார்கள். இரண்டுமே கவிதையின் பக்கம் நின்றுகொண்டு சொல்லப்படுபவை. வியாபாரத்தின் பக்கம் நின்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

தேதிகளை வரிசைப்படுத்தினாலே பாதிக் கட்டுக்கதை உதிர்ந்துவிடும். 'நரகத்தில் ஒரு பருவம்' 1873இல் பிரஸ்ஸல்ஸில் அச்சாயிற்று. அச்சுக்கூலி பாக்கி, பிரதிகளில் பெரும்பாலானவை அச்சகத்திலேயே கிடந்து 1901இல்தான் கண்டெடுக்கப்பட்டன. 1875க்குப் பிறகு அவன் எழுதிய கவிதை என்று எதுவும் கிடைக்கவில்லை. அவன் ஏடனில் வேலைக்கு அமர்ந்ததோ 1880 ஆகஸ்டில். இடையில் ஐந்து வருஷங்கள்: டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து ஜாவா போய் அங்கிருந்து ஓடிவந்தது, சைப்ரஸில் கல்குவாரி மேற்பார்வை, இன்ன பிற. ஆகவே கவிதையை வியாபாரம் விழுங்கிற்று என்பது காலக்கணக்கிலேயே நிற்காது. வியாபாரம் வந்து சேர்ந்தபோது இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது.

ஏடன் அப்போது பம்பாய் மாகாணத்தின் கீழ் இருந்தது. ரேம்போவின் சம்பளமும் ரூபாயில்தான். பார்தே என்ற பிரெஞ்சு வர்த்தகரின் கிடங்கில் காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்களை மேய்ப்பது வேலை; அப்பெண்களில் பெரும்பாலோர் அங்கிருந்த இந்தியச் சிப்பாய்களின் மனைவிமார். அதே வருஷம் நவம்பரில் ஹராருக்கு அனுப்பப்படுகிறான். காப்பி, தோல், தந்தம், புனுகு அங்கிருந்து வரும். துணிமணி அங்கே போகும். வீட்டுக்கு அவன் எழுதிய கடிதங்களில் வெயில், விலைவாசி, சலிப்பு, மிச்சம் பிடித்த பணம் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. வரவழைத்த புத்தகங்கள் தொழில்நுட்பக் கையேடுகள். கேமரா ஒன்றும் வாங்கினான்.

சம்பளக்காரனாக இருந்த அந்தக் காலத்தில் அவன் எழுதாமலும் இல்லை. ஒகாடன் பிரதேசம் பற்றி 1883இல் அவன் தயாரித்த அறிக்கையைப் பாரீஸ் பூகோளச் சங்கம் மறுவருஷம் வெளியிட்டது. வறண்ட, துல்லியமான உரைநடை. உவமை கிடையாது. இதைக் கவிஞனின் வீழ்ச்சியாகப் படிப்பவர்கள், ஒரு பிரதேசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதும் ஒரு ஒழுக்கம் என்பதைக் கவனிப்பதில்லை.

1885இல் சொந்தக் கணக்கு தொடங்குகிறது. லாபத்தூ என்பவனோடு கூட்டுச் சேர்ந்து, ஷோவா மன்னன் மெனலிக்குக்கு விற்க ஈராயிரம் சொச்சம் பழைய துப்பாக்கிகள். தஜூரா கடற்கரையில் அனுமதிக்கும் ஒட்டகங்களுக்கும் காத்திருந்து மாதங்கள் கழிந்தன. லாபத்தூ செத்தான். 1886 அக்டோபரில் தனியாகவே கிளம்பி மறுவருஷம் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தான். மெனலிக் விலையைக் குறைத்தான். லாபத்தூவின் பழைய பாக்கியைக் கழித்தான். மிச்சம் 9,000 தாலருக்கு ஹரார் கவர்னர் பேரில் உண்டியல் எழுதிக் கொடுத்தான். லாபத்தூவின் கடன்காரர்கள் ரேம்போவை வளைத்துக்கொண்டார்கள். செத்தவன் விட்டுப்போன நினைவுக் குறிப்பேடுகளை அவன் எரித்துவிட்டான். நடுவில் சொத்துப் பத்திரங்கள் சில இருந்தது பின்னால்தான் தெரிந்தது. இதையெல்லாம் ஏடனிலிருந்த பிரெஞ்சுத் துணைத் தூதருக்கு அவன் எழுதிய கடிதங்கள் ஐந்தொகைக் குறிப்புகளைப் போல இருக்கின்றன. எட்டுக் கிலோ தங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கெய்ரோவில் வயிற்றுப்போக்கோடு திரிந்தவன், கடைசியில் அதை க்ரெடி லியோனே வங்கியில் போட்டான்.

1888 முதல் ஹராரில் தனிக் கடை. ஏடனிலிருந்த ஸேஸார் தியானோடு தொடர்பு. மெனலிக்கிடம் பணியிலிருந்த சுவிஸ் என்ஜினியர் இல்க்குக்கு விற்பனைச் சரக்குகளை அனுப்புவான். அதில் ஒரு தடவை குறிப்புப் புத்தகங்களும் போயின. எழுதத் தெரியாத ஜனங்களிடம் இவற்றை யாரிடம் விற்பது என்று இல்க் கேலியாகப் பதில் எழுதினார். எழுதாமல் விட்டவன் அனுப்பிய வெற்றுத் தாள்கள் விலைபோகவில்லை. இதைப் படிமமாக்கிவிடும் சபலம் நமக்கு வரும். அவனுக்கு அது முடங்கிப்போன சரக்கு, அவ்வளவுதான்.

கடையைப் புனிதப்படுத்தவும் கூடாது. ரேம்போ அடிமை வியாபாரி என்று 1937இல் எனிட் ஸ்டார்க்கி எழுதியதைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆனால் தன் உபயோகத்துக்கு இரண்டு அடிமைப் பையன்கள் வேண்டும் என்று 1889இல் இல்க்கிடம் அவன் கேட்டதும், அவர் மறுத்ததும் கடிதங்களில் இருக்கின்றன. அந்தச் சந்தையின் பழக்கங்கள் அவனிடமும் ஒட்டியிருந்தன.

இதே வருஷங்களில்தான் பாரீஸில் அவன் பெயர் வளர்ந்தது. வெர்லேன் 1883இல் அவனைப் பற்றி எழுதினார். 1886இல் 'இல்யூமினேஷன்ஸ்' பத்திரிகையில் வந்தபோது ஆசிரியர் காலஞ்சென்றவர் என்று போட்டார்கள். காலஞ்சென்றவர் தஜூராவில் ஒட்டகம் தேடிக்கொண்டிருந்தார். 1890 ஜூலையில் மார்சேல்ஸ் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், புதிய கவிதைப் பள்ளியின் தலைவர் நீங்கள், எழுதித் தாருங்கள் என்று கடிதம் போட்டார். பதில் போனதாகத் தடயமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அவன் கிழித்துப் போடவில்லை. அவன் காகிதங்களுக்கிடையில் கிடைத்தது. துறவி என்பவர்களுக்கும் தற்கொலை என்பவர்களுக்கும் இந்தக் கடிதம் இடைஞ்சலாகவே இருக்கும்.

எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் இருந்துகொண்டே எழுதினார். நம்மிலும் குமாஸ்தாக்கள் எழுதுகிறோம். மாலையில் மூடுகிற பேரேடு அடுத்தவனுடையது. சொந்தக் கடையின் பேரேடு மூடுவதில்லை. அது கேட்பது நேரத்தை அல்ல, கவனத்தை. கவிதை கேட்பதும் அதே கவனத்தைத்தான். ஒரே கவனத்துக்கு இரண்டு கிராக்கிகள். வாலஸ் ஸ்டீவன்ஸ் இன்ஷூரன்ஸ் சம்பளக்காரர்தான். அவருக்கே 1923க்கும் 1935க்கும் இடையில் புதிய தொகுப்பு வரவில்லை. வியாபாரம் ரேம்போவின் கவிதையைக் கொல்லவில்லை. கவிதை இல்லாத குறை தெரியாமல் நாளை நிரப்பிற்று. அது சின்ன விஷயமல்ல. வெறும் மௌனத்தோடு யாராலும் பதினொரு வருஷம் குடித்தனம் நடத்த முடியாது.

முழங்காலில் கட்டியோடு 1891 ஏப்ரலில் டோலியில் ஹராரைவிட்டுக் கிளம்பினான். மே மாதம் மார்சேல்ஸ் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி தங்கை இஸபெல்லிடம் கப்பல் கம்பெனிக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தான். யானைத் தந்தங்களின் உருப்படிக் கணக்கோடு அது ஆரம்பிக்கிறது. எத்தனை மணிக்குத் தன்னைக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று கேட்டு முடிகிறது. மறுநாள் இறந்தான். வயது 37. அந்தக் கணக்கை அவனுடைய கடைசிக் கவிதை என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்வது கவிதைக்கு மரியாதை அல்ல, வியாபாரத்துக்கும் அல்ல. ஜன்னியில் ஒரு வியாபாரி சரக்கை எண்ணுகிறான்.

நம் கூட்டத்திலிருந்து யாராவது மளிகைக் கடையோ அச்சகமோ வைத்துக்கொண்டு ஒதுங்கினால், போய்விட்டான் என்று சொல்லிவிடுகிறோம். அல்லது அவன் மௌனத்துக்கு மாலை போடுகிறோம். அவன் என்ன விற்கிறான், எவ்வளவு கடன், பாக்கி வசூலாகிறதா என்று கேட்பதில்லை. ஹராரில் ரேம்போவுக்கு வந்த கடிதத்தில் கவிதை கேட்டிருந்தார்கள். காப்பி என்ன விலை என்று கேட்டிருந்தால் பதில் போட்டிருப்பான்.